பெருமுக்கலில் இரண்டு சொம்புக் கூழ்

எங்கே போகிறோம் என்று தெரிந்துகொண்டு பஸ் ஏறுவது இளவழகனுக்கும் எனக்கும் பழக்கமில்லை. 1993இல் விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே அந்த வழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் பேருந்து நிலையத்தின் நடுவில் நிற்போம். எந்த டவுன் பஸ்ஸின் டிரைவர் பீடியை அணைத்துவிட்டு முதலில் சீட்டில் ஏறுகிறாரோ, அதுதான் அன்றைக்கு எங்கள் பஸ். போர்டைப் பார்க்கக் கூடாது.

"எந்த ஊருப்பா?" என்று கண்டக்டர் கேட்பார்.

"கடைசி ஸ்டாப்பு ரெண்டு குடுங்க."

"கடைசி ஸ்டாப்பு எதுன்னு தெரியுமா?"

"நீங்கதான் சொல்லணும்."

"காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டீங்களாடா?" என்று கேட்டபடியே டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இந்த ஊர்ல என்னாங்க பாக்கணும்?" அவர் எதைச் சொல்கிறாரோ அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. இந்த விதி இளவழகன் போட்டது. ஒருவர் எங்களைத் தன் கொல்லைக்கு அழைத்துப்போய் அந்த வாரம் வாங்கிய மோட்டாரைப் போட்டுக் காட்டினார். குளிக்காமல் விடவில்லை. இன்னொரு ஊரில் ஒரு பெண், "இந்த ஊர்ல பாக்கறதுக்கு எங்க மாமியாரு ஒண்ணுதான் இருக்குது, போய்ப் பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டாள். நாங்களும் போய்ப் பார்த்தோம். அந்த அம்மாள் மல்லாட்டைக் கடலை அவித்துக் கொடுத்து, மருமகளைப் பற்றிப் பொழுது சாயும்வரை சொன்னார்.

அனந்தபுரம் சந்தைக்குப் போய்த் திரும்பிய நாள் ஒன்று உண்டு. சந்தையில் ஆடு வாங்கியவர் ஒருவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் ஆட்டுக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். அவர், இது குட்டி, கைக்குழந்தை மாதிரி, குழந்தைக்கு ஏது டிக்கெட் என்றார். வாக்குவாதம் முற்றிய நேரத்தில் ஆடு கழுத்தை நீட்டி, கண்டக்டரின் கையிலிருந்த டிக்கெட் கட்டில் பாதியைத் தின்றுவிட்டது. "எடுத்தாச்சுங்க டிக்கெட்" என்றார் ஆட்டுக்காரர். இளவழகன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டான். இன்றைக்கும் எனக்கு அவனை நினைத்தால் முதலில் வருவது அந்த முகம்தான்.

1997இல் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அவன் கண்டமங்கலத்துக்காரன். பெண் அம்பிகா புதுச்சேரி. அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது. கல்யாணம் முடிந்த சில மாதங்களில் இளவழகன் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போய்விட்டான். நான் என் ஊரான திண்டிவனத்துக்கே திரும்பி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன்.

சனிக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. வழக்கத்தை விட முடியாமல் தனியாகவே பஸ் ஏறினேன். கையடக்கமான டேப் ரிகார்டர் ஒன்றை வாங்கி, போகிற வழியையெல்லாம் பேசிப் பதிவு செய்து, கேசட்டைப் புதுச்சேரியில் அவன் மாமனார் வீட்டில் கொடுத்துவிடுவேன். அங்கிருந்து யார் விமானம் ஏறினாலும் அவனுக்குப் போய்ச் சேரும்.

முதல் கேசட் கிடைத்ததும் பூத்திலிருந்து போன் செய்தான்.

"என்னாடா இது, ஆகாசவாணி செய்தியா? 'நான் ஏறினேன், நான் இறங்கினேன்'னு வாசிச்சிக்கினு இருக்கிற?"

"வேற எப்பிடிப் பேசறது?"

"நான் எங்க உக்காந்துக்கினு இருக்கிறேன்னு சொல்லு. ஜன்னலாண்டயா, டிரைவர் பக்கத்துலயா? என்ன விட்டுட்டா போன நீ?"

அதற்குப் பிறகு எல்லாக் கேசட்டிலும் அவனையும் ஏற்றிக்கொண்டேன். "நீ ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிற. கைய வெளிய நீட்டாத, எதிர்ல கரும்பு வண்டி வருது" என்று பேசுவேன். பக்கத்து சீட்டில் துண்டு போட்டுவைப்பேன். யாராவது உட்கார வந்தால் எடுத்துவிடுவேன், அது வேறு விஷயம்.

1999 சித்திரையில் அப்படித்தான் பெருமுக்கல் போனேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இருக்கிற ஊர். மலைமேல் ஈஸ்வரன் கோயில். ஏறப்போகும் நேரத்தில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. அடிவாரத்தில் வேப்பமரத்தடியில் பானை வைத்துக் கேப்பைக் கூழ் விற்றுக்கொண்டிருந்த அம்மாள், வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். பெயர் அஞ்சம்மாள். நான் ஊக்கை மாட்டியபடியே டேப்பில் பேசினேன். செருப்பு அறுந்தது அவனுக்கு என்று மாற்றிச் சொன்னேன். கேட்டால் சிரிப்பான் என்று நினைத்தேன்.

அஞ்சம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட தம்பி பேசிக்கினு இருக்கிற?"

பொத்தானை அமுக்கிப் பதிவை நிறுத்திவிட்டு விவரம் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "அப்ப ரெண்டு சொம்பா ஊத்தறேன்" என்றார். மறுபடி பதிவைத் தொடங்கியதும், டேப்புக்குப் பக்கத்தில் குனிந்து, "ரெண்டு பேரும் நல்லா குடிங்கப்பா. வெங்காயம் கடிச்சிக்கோங்க. இன்னொரு தபா கண்டிப்பா ரெண்டு பேரும் வரணும்" என்று சத்தமாகச் சொன்னார். இரண்டு சொம்பையும் நான்தான் குடித்தேன். அந்த வயிற்றோடு மலை ஏறியதை இப்போது நினைத்தாலும் மூச்சு முட்டுகிறது.

பிறகு செல்போன் வந்தது. கேசட் தேவையில்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே கூப்பிடுவான். பழைய பயணங்களைப் பேசுவோம். அப்படி ஒரு நாள், "பெருமுக்கல்ல என் செருப்பு அறுந்துச்சே, ஞாபகம் இருக்குதாடா?" என்று கேட்டான். விளையாட்டுக்குப் பேசுகிறான் என்று நானும் கூடவே சிரித்தேன். இன்னொரு முறை, "நான் ஃபிரான்சுக்குக் கெளம்பறதுக்கு முன்ன நாம கடைசியா போனது அதான் இல்ல?" என்றான். அப்போதும் சிரித்தேன். வருடங்கள் போகப் போக எந்தக் காலில் அறுந்தது, அஞ்சம்மாளின் வளையல் என்ன நிறம், கூழ் எவ்வளவு புளித்திருந்தது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். வளையல் நிறத்தை நான் டேப்பில் சொன்னதே இல்லை. அவன் விளையாடவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இது எப்படி நடக்கும் என்று பல நாள் யோசித்தேன். அவன் மற்றபடி தெளிவான ஆள். யாருடைய கல்யாணத்துக்கு யார் என்ன சட்டை போட்டு வந்தார்கள் என்பதுகூடச் சொல்வான்.

2014 ஆடியில், விடுமுறைக்கு மகள் துர்காவை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான். போய் இத்தனை வருடத்தில் அவன் ஊருக்கு வந்ததெல்லாம் கல்யாணம், சாவு என்று அவசரமாக வந்து போனதுதான். இந்தத் தடவை ஒரு நாள் முழுக்க எனக்கு என்றான்.

"எங்கடா போலாம்?"

"இதென்னா கேள்வி? பெருமுக்கல்தான். அந்த அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கிறோம். ஊக்கத் திருப்பிக் குடுக்கணும். துர்காவுக்கு அந்த அம்மாவக் காட்டறேன்னு சொல்லி வெச்சிருக்கிறேன்."

"இளவு, அதுல ஒரு விஷயம். நீ அப்ப..."

"நேர்ல பேசிக்கலாம்டா, கார்டு தீரப் போவுது" என்று வைத்துவிட்டான்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அஞ்சம்மாள் உயிரோடு இருந்து, அவருக்கு ஞாபகமும் இருந்தால், "நீ யாரு?" என்று கேட்டுவிடுவார். பெற்ற பெண்ணின் எதிரில் அவன் என்ன செய்வான்? ஒரு பொய்யன் போல நிற்க வேண்டி வருமே. அவன் பொய் சொல்லவில்லை என்று நான் யாருக்கு எப்படி விளக்குவது? முன்கூட்டியே அஞ்சம்மாளைப் பார்த்துச் சொல்லிவைத்துவிடலாம் என்று வியாழக்கிழமை பெருமுக்கல் போனேன். வேப்பமரத்தடியில் பானை இல்லை. எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் பூமாலை என்பவர், "அஞ்சம்மா மரக்காணத்துல பொண்ணு வீட்டுக்குப் போயிருக்குது. சனிக்கெழம வந்துடும்" என்றார்.

"வயசாயிருக்குமே. ஆளெல்லாம் ஞாபகம் வெச்சிருப்பாங்களா?"

"அதுக்கா? முன்ன எப்பவோ கூழு குடிச்சப்ப நான் கருவாடு வேணான்னு சொன்னத இன்னிக்கும் சொல்லிக் காட்டுது. ஞாபகத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. பேஜாரு புடிச்ச ஞாபகம்."

சனிக்கிழமை காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். மாமனார் வீட்டுக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரி பஸ்ஸில் வந்து இறங்கினான். தொப்பை, முன்வழுக்கை, அகலமான கண்ணாடி. எல்லாம் நான் போட்டோவில் பார்த்தவைதான். கண்ணாடி, அங்கே போன மறுவருடம் போட்டது. அந்த முதல் போட்டோவைப் பார்த்து, வாத்தியார் மாதிரி இருக்கிறாய் என்று டேப்பில் கிண்டல் செய்திருக்கிறேன்.

"என்னாடா மாசிலாமணி, முடியெல்லாம் அப்பிடியே வெச்சிருக்கிற? சொந்தமா?"

"உனக்கு வேணும்னா கொஞ்சம் எடுத்துக்க."

துர்கா பக்கத்தில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதின்மூன்று வயதிருக்கும். "வணக்கம் மாமா" என்றாள். தமிழ் சுத்தமாக வந்தது. 'ர' மட்டும் தொண்டையிலிருந்து வந்தது.

மரக்காணம் பஸ் நின்றிருந்தது. டிரைவர் ஏறும்வரை ஏறக் கூடாது என்று இளவழகன் எங்களைக் கீழேயே நிறுத்திவைத்தான். அதனால் உட்கார இடம் கிடைக்கவில்லை. பாதி வழியில்தான் துர்காவுக்கும் எனக்கும் ஒரு சீட் கிடைத்தது. அவன் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கவா?" என்றாள் துர்கா. "அந்தச் செருப்பு, அந்த அம்மா, அதெல்லாம் நெஜமா? அப்பா சின்ன வயசுலருந்து சொல்றாரு. நான் நம்பலன்னா 'மாசிலாமணி மாமாவக் கேளு'ம்பாரு. எங்க அம்மா சிரிப்பாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு சொல்ல மாட்டாங்க."

அம்பிகாவுக்குத் தெரிந்திருக்கிறது.

"செருப்பு அறுந்தது நெஜம்மா. கூழு நெஜம். அந்த அம்மாவும் நெஜம்" என்றேன்.

"நான் என்னா கேக்கறேன், நீங்க என்னா சொல்றீங்க மாமா?" என்றாள்.

பெருமுக்கலில் இறங்கினோம். அடிவாரம் வரை நடக்கிற வழியில் அவனைத் தனியே பிடித்துச் சொல்லிவிடப் பார்த்தேன். "இளவு, கொஞ்சம் நில்லு" என்றால், "அந்த அம்மாவப் பாத்துட்டு வந்து நிக்கிறேன், ஜல்தி வா" என்று முன்னால் போய்விட்டான். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி வைத்திருந்தான். திறந்து காட்டினான். உள்ளே விதவிதமான நீளத்தில், வண்ணத் தலை வைத்த ஊக்குகள்.

வேப்பமரத்தடியில் பானை இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு புதிதாக வந்திருந்தன. அஞ்சம்மாள் இளைத்திருந்தார். மற்றபடி அதே ஆள்.

இளவழகன் அவர் எதிரில் போய் நின்று கைகூப்பினான். "அம்மா, என்ன ஞாபகம் இருக்குதா? இன்னொரு தபா வரச் சொன்னீங்க. வந்துட்டோம்."

அஞ்சம்மாள் கண்ணைச் சுருக்கி அவனை மேலும் கீழும் பார்த்தார். "தெரியிலியே சாமி. யாரு?"

"செருப்பு அறுந்துச்சேம்மா. ஊக்குக் குடுத்தீங்க. ரெண்டு பேரு வந்தோமே."

"ரெண்டு பேரா?" என்றவர் அவன் தோளுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, இது டேப்புல பேசின தம்பி இல்ல? ஊக்கு இந்தத் தம்பிக்கில்ல குடுத்தேன்." பிறகு மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். ஒரு விரலால் அவனைச் சுட்டினார். "அப்ப நீதானா அந்தப் பொட்டிக்குள்ள இருந்த புள்ள?"

பூமாலையின் கடையில் டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

"சௌக்கியமா இருந்தியா பொட்டிக்குள்ள?" என்று அஞ்சம்மாள் அன்பாக விசாரித்தார்.

இளவழகன் என்னைப் பார்த்தான். கோபமில்லை. வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவன் முகம் அது.

"நான் வரலியாடா?"

"வரலடா. அது தொண்ணூத்தொம்போது சித்திர. நீ அங்க போயிட்ட."

"செருப்பு?"

"என்னுது."

"எந்தக் காலு?"

"எடது."

"அதான் எனக்கும் ஞாபகம்" என்றான் முணுமுணுப்பாக. ஊக்குப் பெட்டியை மூடித் திறந்து மறுபடி மூடினான். "கூழு? என் கூழு?"

"ஒன்னுதையும் அவருதான் குடிச்சாரு" என்றார் அஞ்சம்மாள். "நான் சொன்னேன், வயிறு கலக்கும் வேணாண்டா தம்பின்னு. ஃப்ரண்டுக்கு ஊத்தினத வீணாக்கக் கூடாதுன்னு மடக்கு மடக்குன்னு குடிச்சாரு."

துர்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்தாள். சிரிப்பும் போயிருந்தது.

"அப்பா, அப்ப நீ எங்க இருந்த?"

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அது அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"கீழ" என்றான்.

"எதுக்குக் கீழ?"

"ஓட்டலுக்குக் கீழ. நெலவற. பாத்திரமெல்லாம் மேலருந்து சின்ன லிஃப்டுல எறங்கி வரும், கழுவி மேல அனுப்பணும். ஜன்னல் கெடையாது. உங்கம்மா காலையில வேலைக்குப் போனா நான் தூங்குவேன். நான் கெளம்பறப்ப அவ வருவா. வேற யாருகிட்டயும் பேச முடியாது, எனக்கு அந்த பாஷ வராது. இவன் டேப்ப எடுத்துக்கினு போய் அரிசி மூட்ட மேல வெச்சி ஓட விடுவேன். தண்ணி சத்தத்துல சரியா கேக்காது. கொழாய மூடிட்டுக் கேப்பேன். கழுவற எடத்துல சத்தம் இல்லன்னா மொதலாளி மேலருந்து கத்துவான். மறுபடியும் தொறப்பேன். அப்பிடித் தொறந்து தொறந்து மூடித்தான் இந்த மலைய ஏறினேன்."

"இத நீ என்கிட்ட சொன்னதே இல்ல."

"இதுல சொல்றதுக்கு என்னா இருக்குது?"

"லிஃப்டு எவ்ளோ பெருசு?" என்றாள் துர்கா. "மொதலாளி பேரு என்னா? அந்த ஓட்டல் இப்பவும் இருக்குதா?"

அவன் கையை விரித்து லிஃப்டின் அளவைக் காட்டினான். அவள் தரையில் குந்தி உட்கார்ந்து கேட்டாள். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் கேட்கத் தோன்றியது. போனில் அத்தனை வருடம் பேசியும், நீ டேப்பை எங்கே உட்கார்ந்து கேட்டாய் என்று நான் அவனை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. போகிற ஊரில் எல்லாம், இங்கே என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள்.

அஞ்சம்மாள் எதையும் காதில் வாங்காமல் மூன்று சொம்பில் கூழ் ஊற்றி மோர் கலக்கிக்கொண்டிருந்தார். "எழுந்து வாங்க, ஈ மொய்க்குது."

இளவழகன் சொம்பை இரண்டு கையாலும் வாங்கினான். கொஞ்சம் குடித்துவிட்டு நிறுத்தினான். யோசித்தான். மறுபடி குடித்தான்.

"எப்பிடி இருக்குது?" என்றேன்.

"புளிப்பு கம்மி" என்றான். "நீ டேப்புல அதிகமா புளிக்க வெச்சிட்ட."

அஞ்சம்மாளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. ஊக்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்து சிவப்புத் தலை வைத்த ஒன்றை எடுத்து வளையலில் மாட்டினார். இன்னொன்றை எடுத்து அவனிடமே நீட்டினார். "நீ ஒண்ணு வெச்சிக்க. மல ஏறப் போறீங்க. அறுந்தாலும் அறுந்துடும்."

மலை ஏறினோம். எங்களுக்கு வயதாகியிருந்தது. துர்கா முன்னால் ஓடினாள். இளவழகன் மெதுவாகத்தான் வந்தான். ஆனால் வழி கேட்கவில்லை. "இப்ப படி முடிஞ்சி பாற வரும்" என்றான். வந்தது. "எடது பக்கம் ஒரு சுனை." இருந்தது. இதெல்லாம் நான் டேப்பில் சொன்னவை, ஆச்சரியமில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

பாதிக்கு மேல் ஒரு திருப்பத்தில் அவன் சட்டென்று நின்றுவிட்டான்.

"என்னாடா, மூச்சு வாங்குதா?"

"ஷ்ஷ். இங்கதான் காத்து மாறும்."

"எந்தக் காத்து?"

"நீ பேசிக்கினே வருவ. இந்த எடத்துல உன் குரல் அமுங்கிப் போயிடும். ஊன்னு ஒரு சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்காது. டேப்பு தேஞ்சிடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன். ரெண்டு எட்டு வை."

வைத்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்து கிழக்குக் காற்று முகத்தில் அறைந்தது. காது அடைத்தது. அந்தப் பக்கம் வயல்களைத் தாண்டிக் கழுவெளிச் சதுப்பு மினுங்கியது. அதற்கும் அப்பால் கோடு போலக் கடல். நான் அன்றைக்கு இதே இடத்தைக் கடந்துபோனேன். கூழ் வயிற்றோடு பேசிக்கொண்டே போனதில் காற்று வீசியதுகூட எனக்குத் தெரியாது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "பேசாத. இதுக்கப்புறம் ஒரு நாயி குலைக்கும். ரெண்டு தபா."

துர்காவும் திரும்பி வந்து எங்களோடு நின்றாள். மூன்று பேரும் காத்திருந்தோம். காற்று மட்டும் வந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. துர்கா என்னைப் பார்த்தாள். பிறகு வாயருகே இரண்டு கையையும் குவித்து, லொள் லொள் என்று இரண்டு முறை குரைத்தாள்.

இளவழகன் சிரிக்க ஆரம்பித்தான். பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டான்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஏதோ இடித்தது.

"மாசிலாமணி," என்றான் கண்ணாடியை மாட்டியபடி, "நெஜத்த சொல்லு. அனந்தபுரம் பஸ்ல ஆடு டிக்கெட்ட தின்னுதே, அதுலயாவது நான் இருந்தேனா?"

"இருந்தியே" என்று வாய்வரை வந்தது. அது தொண்ணூற்று நான்கு, நீ ஜன்னல் பக்கம், நான் உள்பக்கம் என்று வரிசையாகச் சொல்லியிருப்பேன். என் கண்ணுக்குள் அவன் இருக்கிறான். இப்போது செய்த மாதிரியே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருக்கிறான். தொண்ணூற்று நான்கில் அவனுக்கு ஏது கண்ணாடி?

"என்னாடா முழிக்கிற?"

"தெரியலடா" என்றேன். "நானும் யோசிச்சிக்கினுதான் இருக்கிறேன்."

"அந்தக் கண்டக்டரக் கேக்கலாமே" என்றாள் துர்கா.

"அவரு எங்க இருக்காரோ."

"ஆட்டுக்காரரு?"

இளவழகன் கீழே சாலையைப் பார்த்தான். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ் ஒன்று தீப்பெட்டி அளவில் வந்துகொண்டிருந்தது. "அனந்தபுரத்துக்கு இப்ப இங்கருந்து எப்பிடிடா போறது?" என்று கேட்டான்.